சர்வதேச லான் பவுல்ஸ்: பார்வையற்ற வீரர்களுக்கான கோடு, நீளம், டைரக்டர், வகைப்பாடு

கயல்_பி2:
லான் பவுல்ஸில் (ஒரு பக்கம் வளைந்து ஓடும் பவுல் என்ற பந்துகளை உருட்டி, ஜாக் என்ற சிறு பந்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டம்) கிளப் மட்டத்தில் நன்றாக ஆடும் குறைபார்வை வீரர்கள்கூட வெளிநாட்டுப் போட்டிக்குப் போனதும் திணறுகிறார்கள். எங்கே சறுக்குகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் பலருக்கும் உதவும். வகைப்பாட்டுக்கு என்னென்ன தாள் வேண்டும், டைரக்டர் (வீரருக்குத் திசையும் தூரமும் சொல்லும் துணைவர்) எந்தச் சொற்களில் பேச வேண்டும், மெதுவான தரையில் பழகியவர் வேகமான தரைக்கு எப்படி மாறுவது, இந்த மூன்றும் முக்கியம். திரைவாசிப்பானில் படிப்பவர்கள் நிறைய இருப்பதால் படமோ அட்டவணையோ போடாமல் எழுத்திலேயே சொல்லுங்கள்.

ஒளிவிலகல்:
வகைப்பாட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டில் நல்ல கண்ணில், சிறந்த கண்ணாடி போட்ட நிலையில் எடுக்கும் அளவுதான் கணக்கு. பார்வைக் கூர்மை லாக்மார் அளவில் (எண் கூடினால் பார்வை மோசம்) 2.60-ஐவிட மோசமாக இருந்தால் பி1. 1.50 முதல் 2.60 வரை இருந்தால், அல்லது பார்வைப் புலத்தின் விட்டம் 10 பாகைக்குக் குறைவாக இருந்தால் பி2. 1.0 முதல் 1.4 வரை, அல்லது புலத்தின் விட்டம் 40 பாகைக்குக் குறைவு என்றால் பி3. சீட்டில் 6/60 என்று எழுதியிருந்தால் அது லாக்மார் 1.0-க்குச் சமம்.

அரசு தரும் மாற்றுத்திறனாளிச் சான்றில் உள்ள சதவீதத்தை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். போட்டி அமைப்பு அனுப்பும் மருத்துவப் படிவத்தைக் கண் மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நோயின் பெயர், எப்போதிலிருந்து, இப்போதைய அளவு, நடக்கும் சிகிச்சை எல்லாம் அதில் வேண்டும். புலக் குறைவால் தகுதி கேட்பவர்கள் பெரிமெட்ரி (பார்வைப் புலத்தை அளக்கும் சோதனை) அச்சைச் சேர்க்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மையப் பகுதியை மட்டும் அளக்கும் 10-2 சோதனையின் அச்சைக் கொண்டுவருகிறார்கள். ஓரங்களில் பார்வைத் தீவுகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதை அது காட்டாது. கோல்ட்மன் முறையில் III/4 அளவில் எடுத்த முழுப் புலச் சோதனையோ, அதற்கு ஈடான தானியங்கிச் சோதனையோ கேளுங்கள். பார்வை நரம்பு அல்லது மூளை சார்ந்த குறைபாடு என்றால், கண்ணைப் பார்த்து மட்டும் பார்வை இழப்பை விளக்க முடியாது; மின் உடலியங்கியல் (கண், பார்வை நரம்பின் மின் சமிக்ஞைகளை அளக்கும் சோதனை) அறிக்கையையும் இணைத்துவிடுங்கள்.

வகை கிடைத்த பிறகு அதன் நிலையையும் கேட்டு வாங்குங்கள். 'உறுதி' என்றால் அத்தோடு முடிந்தது. 'மறுபரிசீலனை' என்றால் அடுத்த தொடரிலோ, குறித்த தேதிக்குப் பிறகோ மறுபடி பரிசோதனை. ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா போன்று வளரும் நோய்களுக்குப் பெரும்பாலும் மறுபரிசீலனைதான். பி3-லிருந்து பி2-க்கு மாறினால் ஜோடியே மாற வேண்டி வரலாம். அதைக் கடைசி வாரத்தில் அறிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

மாறன்:
இதோடு ஒட்டிய ஒன்று: கண் மருந்துகள். குளுக்கோமா உள்ளவர்கள் கவனியுங்கள். டார்சோலமைடு, பிரின்சோலமைடு சொட்டு மருந்துகளுக்கு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் விலக்கு உண்டு. அதே குடும்பத்து அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீர் பெருக்கிகள் பிரிவில் எப்போதும் தடை. கண் அழுத்தம் திடீரென ஏறியதும் உள்ளூர் மருத்துவர் அந்த மாத்திரையைத்தான் எழுதுவார். அவர் மேல் தவறில்லை. விளையாட்டு விதி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. யுவைட்டிஸுக்கு (கண்ணின் உள்ளே வரும் அழற்சி) பிரெட்னிசோலோன் வாய்வழி எடுத்தால் போட்டிக் காலத்தில் தடை, அதையே சொட்டாக விட்டால் தடையில்லை. மாத்திரை தவிர்க்க முடியாது என்றால் சிகிச்சை விலக்கு அனுமதிக்குப் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். டிமோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் சில குறிப்பிட்ட விளையாட்டுகளில் மட்டுமே தடை. பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுவதால் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பயணப்படுங்கள்.

நேர்கோடு:
ஆட்டத்துக்கு வருவோம். பார்வையற்றவருக்குக் கோடு கையில் இல்லை, பாதத்தில் இருக்கிறது. கணக்கு எளிது: ஜாக் 27 மீட்டரில் இருக்கும்போது ஒரு பாகை தப்பினால் பவுல் 47 செ.மீ. விலகும். பாதத்தின் நீளம் 27 செ.மீ. என்று வையுங்கள். குதிகால் அசையாமல் கட்டைவிரல் பக்கம் 1 செ.மீ. திரும்பியிருந்தால், 27 மீட்டரில் அதுவே 1 மீட்டர். நல்ல ஆட்டக்காரருக்கு 1 மீட்டர் என்பது ஒரு எண்டையே (ஒரு சுற்று) இழப்பது.

ஆகவே, டைரக்டர் பாதத்தை வைக்கும் முறைதான் முதல் பயிற்சி. மேட் (வீரர் நின்று வீசும் விரிப்பு) 60 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம். மேட்டின் விளிம்பைப் பாதத்தால் தடவி முதலில் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து, குதிகாலை ஊன்றிக்கொண்டு விரல் பக்கத்தை மட்டும் திருப்ப வேண்டும். டைரக்டர் 'கொஞ்சம் வலம்' என்று சொல்லக்கூடாது. 'விரல் ஒன்று வெளியே' என்றால் ஒரு விரல் அகலம், அதாவது ஏறத்தாழ 1.5 செ.மீ. என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பாதம் பொருந்தியதும் முழங்கால், தோள் இரண்டும் அதே திசையைப் பார்க்கின்றனவா என்று சரிபார்க்கணும். பாதம் சரியாக இருந்தும் தோள் ஜாக் பக்கம் திரும்பியிருந்தால் கை உடம்புக்குக் குறுக்கே வந்துவிடும், பவுல் குறுகலாகப் போகும்.

மனதில் நிறுத்த வேண்டிய இன்னொன்று: அதே தரையில், அதே பக்க வீச்சில், நீளம் மாறினாலும் கோணம் ஏறத்தாழ மாறாது. 24 மீட்டர் ஜாக்குக்கு வைத்த பாதக் கோணமே 30 மீட்டர் ஜாக்குக்கும் பொருந்தும், வேகம்தான் மாறும். பார்வை உள்ளவர்கள் வளைவின் அகலத்தைக் கண்ணால் பார்த்துக் குழம்புகிறார்கள். பாதத்தை நம்பி ஆடுபவருக்கு அந்தக் குழப்பம் இல்லை, இதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

புல்வேகம்:
> பாதத்தை நம்பி ஆடுபவருக்கு அந்தக் குழப்பம் இல்லை

ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு அடி எடுத்து வைத்து வீசுகிறவருக்கு இது பாதிதான் உண்மை. முன்கால் எங்கே விழுகிறதோ அதுதான் கடைசிக் கோடு. அதனால் முன்காலை முன்கூட்டியே வைத்துவிட்டு, மறு கையை முழங்காலில் ஊன்றி வீசும் நிலையான நிற்பு பி1, பி2 வீரர்களுக்கு ஏற்றது. கண்ணால் சமநிலை பிடிக்க முடியாதவருக்கு ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடிதான் ஆபத்து. உடல் ஆடும், பவுல் கையிலிருந்து உயரத்தில் விழும், தரையில் துள்ளும். துள்ளிய பவுல் ஓட்டத்தை இழந்து குட்டையாக நிற்கும்.

தாரகை:
புல்வேகம் சார், நிலையான நிற்பு எல்லோருக்கும் பொருந்தாதுங்க. மெதுவான தரையில் 33, 34 மீட்டர் ஜாக் வைத்தால் உடல் எடையைப் பயன்படுத்தாமல் கை மட்டும் அவ்வளவு தூரம் தள்ள முடியாது. தோளை இழுத்து எறிவார்கள், கோடு போய்விடும். எதிரணிக்கு இது தெரிந்தால் தொடர்ந்து நீளமாகவே ஜாக் போடுவாங்க. பாதி நிலையான நிற்பு நடுவழி: முன்காலை முழு அடி அல்லாமல் அரையடி முன்னே வைத்து, வீசும்போது மிச்ச அரையடி நகர்வது. விதி கேட்பது, பவுலை விடும் நொடியில் ஒரு பாதம் முழுதாகவோ பகுதியாகவோ மேட்டின் மேல் அல்லது மேட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பது மட்டும். பின்கால் தூக்கினாலும் மேட்டுக்கு மேல் இருந்தால் போதும்.

புல்வேகம்:
தாரகை மேடம், 34 மீட்டர் ஜாக் எல்லாத் தரையிலும் வராது. இதையும் எண்ணாகப் பார்த்துவிடுவோம். தரையின் நீளம் 31 முதல் 40 மீட்டர் வரை இருக்கலாம். மேட்டின் முன் விளிம்பு பின் டிட்சிலிருந்து (டிட்ச் என்பது தரையின் முனையில் உள்ள பள்ளம்) குறைந்தது 2 மீட்டரும், முன் டிட்சிலிருந்து குறைந்தது 25 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். ஜாக் மேட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர். முன் டிட்சுக்கு 2 மீட்டருக்குள் போய் நின்றால் 2 மீட்டர் குறிக்குத் திருப்பி வைப்பார்கள். அப்படியானால் 31 மீட்டர் தரையில் மிக நீளமான ஜாக் 27 மீட்டர்தான். 40 மீட்டர் தரையில் 36. போட்டி நடக்கும் தரையின் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் எந்த நீளங்களில் பயிற்சி வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடும். 31 மீட்டர் தரைக்குப் போகிறவர் 34 மீட்டரில் பயிற்சி எடுப்பது நேரத்தை வீணாக்குவது.

இனி தரையின் வேகம். பவுல் 27 மீட்டர் போய் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் அளவு. நொடி கூடினால் தரை வேகம் என்று பொருள், ஏனென்றால் உராய்வு குறைந்த தரையில் மெல்லத் தள்ளினாலே அவ்வளவு தூரம் போகும். பிரிட்டனின் புல்தரைகள் பொதுவாக 10 முதல் 12 நொடி. ஆஸ்திரேலியாவில் 14-க்கு மேல் சாதாரணம். நியூசிலாந்தின் கொட்டுலா (புல்லுக்குப் பதில் வளர்க்கும் படரும் சிறுசெடி) தரைகள் 17-ஐயும் தாண்டும். நொடி கூடக் கூட வளைவும் கூடும், ஆகவே பாதக் கோணம் விரிய வேண்டும். வேகத் தரையில் பவுல் பக்கத்து ரிங்குக்குள் (ஒரு ஆட்டத்துக்கு ஒதுக்கிய தடம்) போய்த் திரும்பி வருவதுகூட உண்டு. நிற்கும்போது தன் ரிங்குக்குள் நின்றால் அது செல்லும்.

மாறுவதற்கு வழி: முதல் பயிற்சியில் ஜாக்கே வேண்டாம். ஃபோர்ஹேண்டில் (வலக்கையர் வலப்பக்கமாக விட்டு உள்ளே வளைய வைப்பது; பேக்ஹேண்ட் இதற்கு எதிர்ப்பக்கம்) நான்கு பவுல்களை ஒரே பாதக் கோணத்தில், ஒரே வேகத்தில் விடுங்கள். அவை நடுக்கோட்டுக்கு எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கின்றன என்று டைரக்டர் அளக்கட்டும். அதை வைத்துக் கோணத்தை மாற்றுங்கள். அது கிடைத்த பிறகு பேக்ஹேண்ட். பிறகு எதிர்த் திசை. காற்றும் சரிவும் திசைக்குத் திசை வேறு. ஆக நான்கு கோணங்கள். அவற்றை விரல் அகலக் கணக்கில் குரல் குறிப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் கிடைக்கும் சோதனை எண்டுகள் பெரும்பாலும் திசைக்கு ஒன்றுதான். கண்டுபிடிக்க நேரம் இருக்காது, சரிபார்க்க மட்டுமே இருக்கும்.

கடிகாரம்6:
டைரக்டர் பேசும் முறையைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. என் பார்வையில் வெளிநாட்டில் தோற்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஹெட்டை (ஜாக்கும் அதைச் சுற்றி நிற்கும் பவுல்களும்) விவரிக்கக் கடிகார முறை. ஜாக் நடுமுள். மேட்டில் நிற்கும் வீரரை நோக்கிய பக்கம் 6 மணி, ஜாக்குக்கு நேர் பின்னால் 12. வீரரின் வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. ஒவ்வொரு பவுலுக்கும் மூன்று செய்தி, எப்போதும் ஒரே வரிசையில்: யாருடையது, எத்தனை மணி, எவ்வளவு தூரம். 'நமது, 4 மணி, 40.' 'அவர்கள், 12 மணி, 25.' தூரம் செ.மீ.-ல் என்று ஒப்புக்கொண்டால் அலகைச் சொல்லத் தேவையில்லை. ஜாக்குக்கு மிக அருகே இருப்பதில் தொடங்கி வெளியே போக வேண்டும், நான்கைந்துக்கு மேல் வேண்டாம். ஆட்டத்தில் பங்கில்லாத பவுலைச் சொல்லி வீரரின் நினைவை நிரப்பக்கூடாது.

இதில் வரும் பிழைகள்: டைரக்டர் ஹெட்டில் நின்று வீரரைப் பார்த்தபடி பேசும்போது அவருடைய வலம் வீரருக்கு இடம். பதற்றத்தில் 3 மணி 9 ஆகிவிடும். ஹெட்டுக்குப் போனதும் ஒரு முறை மேட் பக்கம் முதுகைக் காட்டி நின்று எண்ணிவிட்டுத் திரும்பினால் இது குறையும். அடுத்தது, ஜாக் நகர்ந்த பிறகும் பழைய கடிகாரத்திலேயே பேசுவது. ஜாக் நகர்ந்தால் 'புதுக் கடிகாரம்' என்று சொல்லிவிட்டு, ஜாக் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது, நீளம் எவ்வளவு கூடியது, பின்னால் டிட்ச் எவ்வளவு தூரம் என்று முதலில் தர வேண்டும், பவுல்கள் பிறகு. ஜாக்கைத் தொட்ட பவுலுக்குச் சாக்குக் குறி போட்டார்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். அது டிட்சில் விழுந்தாலும் உயிரோடு இருக்கும், வீரருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

வீசிய பிறகு சொல்வது வேறு மொழி. அங்கே வலம் இடம் வேண்டவே வேண்டாம். வலக்கையருக்கு ஃபோர்ஹேண்டில் வலம் என்பது அகலம், பேக்ஹேண்டில் அதே வலம் குறுகல். கேட்கும் வீரர் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். 'அகலம்', 'குறுகல்', 'குட்டை', 'நெட்டை' என்று நான்கு சொல் போதும். 'குட்டை 80, குறுகல் 30.' நேர்கோடு சொன்னதோடு இது பொருந்துகிறது: கோணமும் வேகமும் தனித்தனிப் பிழைகள், எனவே தனித்தனியாகவே கேட்க வேண்டும். 'நல்ல பவுல்', 'பரவாயில்லை' போன்றவற்றால் அடுத்த பவுலைத் திருத்த முடியாது. வீரரை உற்சாகப்படுத்த வேண்டும் என்றால் எண்ட் முடிந்து நடக்கும்போது சொல்லுங்கள்.

கயல்_பி2:
மிகப் பயனுள்ளது, நன்றி. பி1 வீரர்களுக்கு நடுக்கோட்டில் கயிறு கட்டுவதாகக் கேள்விப்பட்டேன். சர்வதேசப் போட்டியிலும் உண்டா?

நேர்கோடு:
பார்வையற்றோருக்கான தொடர்கள் சிலவற்றில் உண்டு. மெல்லிய வெள்ளை நூலை ரிங்கின் நடுவே தரையோடு ஒட்டி இழுத்து, மேட்டுக்கு அடியில் விடுவார்கள். கையாலோ பாதத்தாலோ தொட்டு நடுக்கோட்டைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து கோணம் எடுப்பது முறை. நூல் தளர்ந்தால் காற்றில் நகர்ந்து தவறான நடுவைக் காட்டும். ஒவ்வொரு எண்டிலும் இழுவையைப் பார்க்க வேண்டும். ஆனால் நூலை மட்டும் நம்பிப் பழகக்கூடாது. அது இல்லாத போட்டியில் மேட்டின் விளிம்பும் டைரக்டரின் குரலும்தான் மிஞ்சும். போட்டி நிபந்தனைகளில் நூல், தொலைநோக்கி, டைரக்டர் நிற்க வேண்டிய இடம் மூன்றையும் தேடிப் படியுங்கள். தொடருக்குத் தொடர் மாறுபவை இவைதான்.

குரலால் கோடு தருவதென்றால், வீரர் பவுலை விட வேண்டிய திசையில் டைரக்டர் சில மீட்டர் முன்னே நின்று பேசுவார், வீரர் குரலை நோக்கிப் பாதத்தையும் தோளையும் திருப்புவார், டைரக்டர் விலகியதும் வீச்சு. குரல் வாயிலிருந்து வருகிறது, நிற்கும் பாதத்திலிருந்து அல்ல. பக்கவாட்டில் சாய்ந்து பேசினால் 30 செ.மீ. நகர்ந்துவிடும். 4 மீட்டர் தொலைவில் அது 4 பாகைக்கும் மேல், ஜாக்கிடம் 2 மீட்டர். கோட்டின் மேல் நேராக நின்று பேசணும். பக்கத்து ரிங்குகளிலும் டைரக்டர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் வீரரின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.

மாறன்:
பவுல் பற்றிச் சில. பவுல் எப்போதும் சிறிய வளையச் சின்னம் உள்ள பக்கம்தான் வளையும். வலக்கையர் ஃபோர்ஹேண்ட் வீசினால் சின்ன வளையம் உள்பக்கம், காலை ஒட்டி, பேக்ஹேண்டில் வெளிப்பக்கம். மாற்றிப் பிடித்தால் பவுல் பக்கத்து ரிங்குக்குப் போய்விடும், பார்வை உள்ளவர்களுக்கும் இது நடக்கிறது. செதுக்கிய சின்னத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதை ஒவ்வொரு பவுலுக்கும் செய்ய வேண்டிய வழக்கமாக்குங்கள். வாங்கும்போது செதுக்கல் ஆழமாக உள்ளதா என்று தொட்டுப் பாருங்கள். சில புது வடிவங்களில் படம் பெரிதாக இருக்கும், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. மெழுகு தடவுகிறவர்கள் செதுக்கலுக்குள் மெழுகு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் போட்டியில் பவுலில் உள்ள முத்திரையின் ஆண்டு காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், புறப்படும் முன் யாராவது பார்வை உள்ளவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நான்கு பவுல் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோ, விமானப் பையின் எடையில் அதை முதலில் கழித்துவிடுங்கள்.

வேகத் தரைக்கு வளைவு குறைந்த பவுல் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். காற்று அதிகமுள்ள இடத்தில் லாபம் உண்டு, வெளியே போகும் தூரம் குறைவதால் காற்று அடித்துச் செல்வதும் குறையும்.

தாரகை:
அதில் எனக்கு மாற்றுக் கருத்து. பாதக் கோணம் ஒரு பாகை தப்பினால் எந்தப் பவுலாக இருந்தாலும் அதே 47 செ.மீ.-தான். வளைவு குறைந்த பவுல் பிழையை மன்னிக்காது. மேலும் முன்னால் நிற்கும் பவுல்களைச் சுற்றி வர வளைவு வேண்டும். புதுப் பவுல் என்றால் நான்கு கோணங்களையும் புதிதாக உடம்பு படிக்க வேண்டும். பார்வை உள்ளவர் முதல் பவுலின் வளைவைப் பார்த்து இரண்டாவதில் திருத்திவிடுவார், பார்வையற்றவருக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. தொடருக்கு மூன்று மாதத்துக்குள் பவுல் மாற்றவே கூடாது என்பேன்.

மாறன்:
மூன்று மாதம் என்பதில் நானும் உடன்படுகிறேன். காற்று விஷயத்தில் மட்டும் என் கருத்தை விடவில்லை.

கடிகாரம்6:
டைரக்டரை ஒரு உதவியாளராக எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. பாராலிம்பிக்கில் லான் பவுல்ஸ் கடைசியாக இருந்தது 1996 அட்லாண்டாவில். அதனால் இன்று காமன்வெல்த் போட்டியின் பி2/பி3 கலப்பு ஜோடிப் பிரிவுதான் பலருக்கும் பெரிய மேடை. ஒரு ஆண், ஒரு பெண், ஆளுக்கொரு டைரக்டர், நால்வரும் ஒரே அணி. 2022-ல் ராயல் லீமிங்டன் ஸ்பாவின் விக்டோரியா பூங்காவில் ஸ்காட்லாந்தின் மெலனி இன்னஸ், ராபர்ட் பார் ஜோடி தங்கம் வென்றபோது டைரக்டர்கள் ஜார்ஜ் மில்லரும் சாரா ஜேன் யூவிங்கும் பதக்கம் பெற்றார்கள். மில்லருக்கு அப்போது வயது 75. காமன்வெல்த் தங்கம் வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார். ஆகவே டைரக்டருக்கும் பயணம், சீருடை, அங்கீகார அட்டை, ஊக்கமருந்து விதி எல்லாம் உண்டு. பதிவுப் படிவத்தில் அவர் பெயர் விடுபட்டால் புதிதாக ஒருவரோடு ஆட வேண்டி வரும். அந்த ஆள் எவ்வளவு நல்லவரானாலும் உங்கள் நான்கு சொற்களும் விரல் அகலமும் அவருக்குத் தெரியாது.

கயல்_பி2:
இன்னொன்று கேட்டுவிடுகிறேன். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் பவுல்ஸ் உள்ளரங்கில் என்று அறிவித்திருக்கிறார்கள். பார்வையற்றவர்களுக்கு இதனால் என்ன மாறும்?

புல்வேகம்:
காற்று கிடையாது, மழை கிடையாது, தரைவிரிப்பு பிரிட்டனின் புல்தரையைவிட வேகம். பவுல் வளைவு கூடும், பாதக் கோணம் விரியும். வெயில் கூச்சம் உள்ள பி3 வீரர்களுக்கு நன்மை, மேகம் மாறி மாறி வருவதால் ஜாக் தெரிவதும் மறைவதுமான தொல்லை இல்லை. ஆனால் கூரை விளக்குகள் விரிப்பில் பளபளக்கும். தொப்பியின் விளிம்பு, நிறக் கண்ணாடி இரண்டையும் பயிற்சி நாளிலேயே மாற்றி மாற்றிப் பாருங்கள்.

நேர்கோடு:
உள்ளரங்கில் எதிரொலியும் உண்டு. டைரக்டர் தூரத்தில் நின்று உரக்கப் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாமல் போகும். குரலுக்குப் பதில் குறுகிய, கூரிய ஒலி எதிரொலியில் நன்றாகப் பிரிந்து கேட்கும். விரல் சொடுக்கு, நாக்குத் தட்டல் போல. நடுவர் அனுமதிப்பாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் 4 மீட்டருக்குப் பதில் 2 மீட்டரில் நின்று தணிந்த குரலில் பேசலாம். ஆனால் 2 மீட்டரில் டைரக்டர் 10 செ.மீ. தப்பி நின்றாலே 3 பாகை போய்விடும், அதனால் கடைசித் திருத்தத்தைக் குரலால் செய்யாமல் மேட்டருகே வந்து பாதத்தில் விரல் கணக்கால் செய்யுங்கள். பயிற்சி நேரம் ஒதுக்கும்போது பக்கத்து ரிங்குகளில் ஆள் இருக்கும் நேரமாகவே கேளுங்கள், காலி அரங்கில் கிடைக்கும் ஒலி போட்டி நாளில் கிடைக்காது.